நூற்று முப்பதுக்கு எண்பது

ஜோஸ்பின் சிஸ்டரை எவனாவது சோம்பேறி என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பாகூர்ப் பக்கம் ஆறு ஊருக்கு ஒரே சுகாதார நிலையம், அதில் பிரஷர் பார்க்க அவர் ஒருத்தர். செவ்வாய்க்கிழமை வந்தால் இருநூறு பேர். நான் அங்கே மாத்திரை கொடுக்கும் இருசப்பன். கூடவே இருந்து பார்த்தவன்.

மீன்பிடிக்கிற ஆட்கள் விடிந்தால் கடலில் இருப்பார்கள். வீட்டுப் பெண்தான் புருஷனின் நோயாளி அட்டையை நீட்டுவாள். பிரஷர் எண்ணைப் போடாமல் கம்ப்யூட்டர் மாத்திரைச் சீட்டு தராது. வராத மனுஷனுக்கு எங்கே போய்ப் பிரஷர் பார்ப்பது? சிஸ்டர் 130/80 என்று தட்டிவிடுவார். மாத்திரையாவது போய்ச் சேரட்டும் என்றுதான்.

போன மாதம் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் அபிதா ஆராய்ச்சிக்கு வந்தார். ஐந்து வருடப் பதிவுகளையும் அலசிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

"சிஸ்டர், இந்த பலராமனுக்கு ரெண்டு வருஷமா பிரஷர் ஏறவே இல்ல! எப்படி இவ்ளோ கட்டுப்பாடா இருக்காருன்னு அவரையே கேக்கணும். வரச்சொல்றீங்களா?"

சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த செவ்வாய், பலராமனின் மனைவி தேவி மாத்திரைக்கு வந்தாள்.

"உன் வூட்டுக்காரரு எங்கம்மா?"

"அவரு போயி பதினோரு மாசம் ஆவுது சிஸ்டர். பக்கவாதம். கடலூருக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

"அப்ப மாத்திரை?"

"நான்தான் முழுங்குறேன். எனக்கும் தல கிறுகிறுன்னு வருது. புது அட்டைக்கு மூணு நாளு அலையணுமாம். மீன் கூடைய வச்சிக்கினு எங்க அலையறது?"

அட கடவுளே! பக்கவாதம் வந்த மாதமும் அந்த மனுஷனுக்கு 130/80 தான். சிஸ்டர் அங்கேயே தேவிக்குப் பட்டையைக் கட்டிப் பார்த்தார். 196/112.

மத்தியானம் அபிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "130/80ன்னு இருக்கிற எதையும் நம்பாதம்மா. பாக்காம போட்டது. எழுதியே குடுத்துடறேன்."

அபிதா பதிவுகளை மூடி வைத்தார். "எழுத்துல குடுத்தா மெமோ வரும் சிஸ்டர். ரிட்டையராக ரெண்டு வருஷந்தான இருக்கு?" என்றார்.

"தெரியும். பேப்பரக் குடு."

"இன்னாத்துக்கு சிஸ்டர் வம்பு?" என்றேன் நான்.

"அசந்துபோச்சு இருசப்பா. இதையும் சுமந்துக்கினு ரெண்டு வருஷம் ஓட்ட முடியாது."

மெமோ வந்தது. படித்துவிட்டு மேசை டிராயரில் போட்டார். அபிதாவிடம் கேட்டு, வெறும் 130/80 மட்டுமே இருந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டார். அறுபத்து மூன்று பேர். வேலை முடிந்ததும் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். கால் வீங்கிக் கிடக்கிறது, சொன்னால் கேட்டால்தானே? சனியனே என்று நானும் பின்னால் போகிறேன்.

நேற்று சோரியாங்குப்பத்தில் ஒரு வீடு. உள்ளே எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவரில், பட்டியலில் இருந்த தங்கராசுவின் படம், காய்ந்துபோன மாலை.

"இவருக்குப் போன மாசந்தான் 130/80ன்னு போட்டேன் இருசப்பா," என்று சொல்லி அழுதார்.