எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத சொல்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் கத்தரிக்காயைக்கூட நறுக்க மாட்டோம், திருத்துவோம். யாரும் சாகவும் மாட்டார்கள், திருநாட்டுக்கு எழுந்தருளுவார்கள். என் பிறந்த வீட்டிலும் இதே வழக்கம்தான். ஆனால் என் கணவர் அதில் மகா கெட்டி. செத்த பல்லியைப் பெருக்கித் தள்ளும்போதுகூட, "பாவம், போயிடுத்து" என்பார்.

போன வருடம் எனக்கு அட்ரினல் சுரப்பியில் கட்டி வந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. நெஞ்சு படபடக்கும், தலை வெடிக்கும், ஃபேனுக்கடியில் இருந்தாலும் புடவை நனையும். "இந்த வயசுல பொம்மனாட்டிகளுக்கு இப்படித்தான்" என்று எல்லாரும் தள்ளிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. கடைசியில் திருச்சி ஆஸ்பத்திரி ஒன்றில் கண்டுபிடித்து எடுத்தார்கள்.

பிறகு மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். கருவில் இருக்கும்போது அந்தச் சுரப்பிக்கான செல்கள் தேவைக்கு மேல் உண்டாகுமாம். மிஞ்சியவை தாமாகவே செத்துவிட வேண்டும். அதைக் கவனிக்கிற மரபணுக்களில் ஒன்று எனக்குப் பழுது.

"சாக வேண்டியது சாகாம தங்கி, பின்னாடி கட்டியாயிருக்கலாம்" என்றார். "கூடப் பிறந்தவங்களுக்கும் இது இருக்கலாம். அவசியம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. கட்டி இருக்கறது தெரியாம வேற எதுக்காவது மயக்க மருந்து கொடுத்தா, பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்து."

லால்குடியில் இருக்கும் என் தம்பிக்குத் தானே ஃபோன் செய்து சொல்லிவிடுவதாக என் கணவர் சொன்னார். இருந்த களைப்பில் நானும் விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்துத் தம்பி என்னைப் பார்க்க வந்தான். அடுத்த திங்கட்கிழமை குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றான். சொல்லிக்கொண்டே நெற்றியைத் துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

"டெஸ்ட் பண்ணிண்டியாடா?"

"எதுக்கு? உன் செல்லெல்லாம் தீர்க்காயுசா இருக்குன்னு அத்திம்பேர் சொன்னாரே. நேக்கும் அப்படித்தான் இருக்குமாம், சௌகரியப்பட்டா பார்த்துக்கோன்னார். நல்ல விஷயம்தானேன்னு விட்டுட்டேன்."

இவரைத் திரும்பிப் பார்த்தேன். "நன்னா இருக்கறவன்கிட்ட அந்த வார்த்தையை எப்படிச் சொல்றது?" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சாக வேண்டிய செல் சாகலைடா! அதனால நான் சாகக் கிடந்தேன். இப்படியே போய் டேபிள்ல படுத்தா நீ செத்துடுவே!"

பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். இவர் காதைப் பொத்திக்கொண்டு "ரங்கா, ரங்கா" என்றார்.

தம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டான். அவனுக்கும் அதே பழுது. ஸ்கேனில் கட்டியும் தெரிந்தது, என்னுடையதைவிடப் பெரியது. மாத்திரையால் பிரஷரை அடக்கிவைத்து, அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

அன்று டாக்டரம்மா வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். தம்பியின் மகளுக்கும் சோதனை செய்ய வேண்டும் என்றார். காலேஜில் படிக்கும் பெண், வராந்தாக் கோடியில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யார் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் இவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கேட்டுக்கோம்மா. உடம்புல சில செல் சாகணும். அது சாகலைன்னா நாம செத்துடுவோம். இதை நான் வாய்விட்டுச் சொல்லாததால உங்கப்பா செத்திருப்பான்."

குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதேன். அவள் அன்றைக்கே சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள்.