மீன்கார நானாவின் பெடல் சத்தம்

சைக்கிள் கிராங் கத்தினால், வீட்டிலேயே ஸ்பேனரோடு உட்காரும் என் இனத்தவரே, சைக்கிள்காரர் காட்டுகிற இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் பாருங்கள்.

எழும்பி மிதிங்க

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர், கொஞ்சம் கனத்த ஆள், கிராங்கை மாற்ற வேண்டுமென்று வந்தார். சீட்டை விட்டு எழும்பி மிதிக்கச் சொன்னேன். சத்தம் நின்றது. குற்றவாளி கிராங் இல்லை, சீட்டுக் கம்பி. கொஞ்சம் கிரீஸ் தடவியதும் வாயை மூடிக்கொண்டது. தபால்காரர் முகம்தான் வாடிவிட்டது: "அப்ப இவ்வளவு நாளா என் பாரத்துக்குத்தான் அழுதிச்சாங்க?"

டொக்

அந்தப் புகழைக் கேட்டு, நோர்வூட் டவுனிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மீன் கொண்டுவரும் முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நானா, வந்தார். வலது காலை அழுத்தும்போதெல்லாம் ஒரு 'டொக்'. கிராங்கை அச்சோடு பிடிக்கிற கொட்டர் பின் ஆடுகிறது. நட்டை மட்டும் முறுக்கினால் நாளைக்கே மறுபடி கத்தும். அடியில் தேயிலைக் கட்டையை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் பின்னை இறக்கிவிட்டுத்தான் பூட்டினேன். அவர் ஓட்டிப் போனபோது வழியில் அட்டை ஊர்கிற சத்தம் கேட்டது, சைக்கிள் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் பொழுதுபட, பெட்டி நிறைய மீனோடு திரும்பி வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பொம்பளைகள் அந்த டொக்கைக் கேட்டுத்தான் சட்டியோடு வெளியே வருவார்களாம். ஒருத்தரும் வரவில்லை. ஐஸ் கரைந்து ஒழுகியது. "ஐயா, சைக்கிள சுகமாக்கிட்டீங்க, என்ட யாவாரத்த மௌத்தாக்கிட்டீங்க."

பாண் பாட்டு

ஒரு பாட்டுப் பெட்டியைக் கட்டுங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். மறுநாளே கட்டினார். பாண் ரொட்டி விற்கிற ஆட்டோவும் பாட்டோடுதானே வருகிறது? லயத்தில் பாதி திரண்டு வந்து பெட்டியை எட்டிப் பார்த்தது. "மீன் கெடக்கட்டும் நானா, பாண எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

பூனைப் பெரட்டு

அடுத்த நாளும் மீன் தேங்கினால் தொழிலையே விட வேண்டியதுதான், பின்னைத் தளர்த்திவிடுங்கள் என்று கெஞ்சினார். அது ஆகாது; இறக்கத்தில் கிராங் கழன்றால் மனுசன் தேயிலைக்குள் கிடப்பார். காலிப் பால்பேணி டின்னில் தகரம் ஒரு துண்டு வெட்டி, கிராங் சுற்றி வரும்போது தட்டுகிற மாதிரி செயின் கவரில் பொருத்தினேன். 'டிங்' என்றது. வளைத்தேன், 'டக்' என்றது. அடியில் டயர் ரப்பர் வைத்தேன். 'டொக்'.

சாயங்காலம் முதல் டொக்குக்கே லயத்துப் பூனைகள் எல்லாம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன; ஒன்று பிந்தி வந்து கங்காணியிடம் நிற்கிற மாதிரி தலையைக் குனிந்ததை நானே பார்த்தேன். பூனைகளுக்குப் பின்னால் சட்டிகள். பெட்டியில் செதில்கூட மிஞ்சவில்லை. கடைசி மீனை வாங்கிய எதிர்வீட்டு ராக்காயி நானாவைக் கேட்டாள்: "என்னங்க நானா, ரெண்டு நாளா ஆளையே காணோம், ஊருக்குப் போயிட்டீங்களா?"

கிராங் சத்தத்தை நிறுத்த ஒரு சுத்தியல் போதும். அதே சத்தத்தைத் திரும்ப வரவைக்கத்தான் என்னை மாதிரி ஒரு ஆள் வேணும்.