அக்காவின் பின்கதவு

எங்கள் அக்கா திருகோணமலை உவர்மலையில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அங்கே கணித ஆசிரியையாக இருந்தார். ஊரையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி அவருடைய இந்த நினைவு மலரில் உருக்கமாக நாலு பக்கம் எழுதும்படி சொந்தக்காரர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு உருக்கம் பிடிக்காது, எனக்கு அது வராது. ஆகவே மொன்ட்ரியாலில் அவருக்கு நடந்ததையே எழுதுகிறேன்.

இங்கே வந்தபோது அக்காவின் ஆசிரியர் சான்றிதழ் செல்லாது என்றார்கள். அவர் பிரெஞ்சு படித்தார். பிறகு கல்லூரிக்குப் போய், பேச்சு வராத பிள்ளைகளுக்கும் தனிக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளுக்கும் உதவும் படிப்பை முடித்தார். மொன்ட்ரியால்-நோரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து இருட்டோடு புறப்பட்டு, பஸ் மாறி மாறிப் போகவேண்டும். ஒவ்வொரு கோடையிலும் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். பள்ளி தொடங்கும் தறுவாயில் திரும்பக் கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளையை அக்கா பாடுபட்டு ஓரளவுக்குக் கொண்டுவந்தால், அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை வேறொருவர் கைக்குப் போய்விடும். கையில் பிள்ளைகள் கடித்த காயத்தோடுதான் அக்கா பெரும்பாலும் வீட்டுக்கு வருவார். “இதெல்லாம் ஒரு வேலையே?” என்று நான் கேட்டால், “பின்னை என்ன, பொழுதுபோக்கே?” என்பார்.

கலியாணம் பேசி வந்தவர்களும் இந்த வேலையைக் கேள்விப்பட்டுப் பின்வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளோடு பழகினால் அக்காவுக்கும் அப்படித்தான் பிறக்குமாம். சொன்னவர்களில் ஒரு டாக்டரின் தாயும் இருந்தார்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்றுக்கு, அக்காவிடம் பேச்சுப் பழகத் தமிழ்ப் பிள்ளைகள் வந்தார்கள். பெற்றோர் காரை எங்கள் வாசலில் விடமாட்டார்கள். அடுத்த தெருவில் விட்டுவிட்டு, பிள்ளையின் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு, பின்கதவால் வருவார்கள். அக்காவிடம் வருவது தெரிந்தால், வீட்டில் ‘அப்படி ஒரு பிள்ளை’ இருப்பதும் தெரிந்துவிடும் என்ற பயம். கோயிலில் அக்காவைக் கண்டால் மூலஸ்தானத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். அவ்வளவு பக்தி.

அக்கா முதலில் பழக்கும் சொல் ‘வேண்டாம்’. அது பெற்றோருக்குப் பிடிப்பதில்லை. ‘அம்மா’ என்று சொல்லவையுங்கள் என்று நிற்பார்கள். “வேண்டாம் எண்டு சொல்ல வழியில்லாமத்தான் பிள்ளை கடிக்குது. அம்மா பேந்து வருவா,” என்பார் அக்கா. பிறகு அந்தச் சொல்லும் அப்படியே வந்திருக்கிறது.

ஒரு சொல்லும் இல்லாமல் வந்த ஒரு சிறுமியை எனக்கு நன்றாக ஞாபகம். இப்போது அவள் வளர்ந்த பெண். பிரெஞ்சிலும் தமிழிலும் வாய் ஓயாமல் கதைப்பாள். அவளுடைய அண்ணனுக்குக் கலியாணம் நிச்சயமானபோது அவளே அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அக்கா சேலைகூட எடுத்துவைத்தார். ஆனால் அழைப்பிதழ் வரவில்லை. தாய்தான் வந்தார், வழக்கம்போலப் பின்கதவால்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வந்தால் பொம்பிளை வீட்டார் என்ன பழக்கமெண்டு கேட்பினம்.”

“ஓம், அதுக்கென்ன. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ,” என்றார் அக்கா.

நான் தேத்தண்ணி போடவில்லை. கலியாண நாளும் ஒரு சனிக்கிழமை. அன்று அக்கா கீழே வேறு பிள்ளைகளோடு இருந்தார். எல்லாரும் போனபிறகு படியில் உட்கார்ந்து அழுதார். “போதும். இனிக் கதவு திறக்கமாட்டன்,” என்றார். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. சத்தம் போடாதே என்று நான் கையைக் காட்டினேன். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்தார். பிறகு நான் சண்டை பிடித்தபோது, “உந்தச் சனத்துக்காகவே செய்யிறன்? நான் திறக்காட்டி அந்தப் பிள்ளை இன்னுமொரு கிழமை கத்திக்கொண்டு கிடக்கும்,” என்றார். இரங்கல் உரைகளில் அன்பு, அர்ப்பணிப்பு என்று பலரும் பேசினார்கள். நான் அறிய அக்காவை அந்த வேலையில் வைத்திருந்தது அடுத்த சனிக்கிழமை வரையான அந்த ஒரு கிழமை மட்டுந்தான்.

போன குளிர்காலம் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இளம்பெண் ஒருவர் படங்களைக் காட்டினார். அக்கா ஆப்பிளைத் தொட்டதும், “பிராவோ, மடாம்,” என்று கைதட்டினார். அக்கா என்னைப் பார்த்து வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, வெளியே போய் அழுதேன். கிடையில் கிடந்த காலம் முழுவதும் பின்கதவுக்காரர் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை வந்தபோது அக்கா தாங்கவில்லை.

செத்தவீட்டுக்கு, கலியாணத்துக்கு வரவேண்டாம் என்ற அந்தத் தாய் வந்தார். முன்பு பக்கத்து வீட்டில் இருந்ததாக அருகில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டார். மகள் எங்கே என்று கேட்டேன். என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

“அவளுக்கு இன்னும் சொல்லேல்லை. ஒரு நல்ல இடம் பேசுறம். சொன்னால் வந்து நிண்டு எல்லாரிட்டையும் கதைச்சுப்போடுவாள். மலரிலையும் எங்கட பேரைப் போடாதேங்கோ.”

நான் போடவில்லை.

கடைசிவரை அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், அடுப்பு மூட்ட எங்களுக்கு மனம் வராத நாட்களில் சமைத்துத் தந்த அயலவருக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், பனியில் பஸ் ஏறி வந்து முன்கதவால் நுழைந்த, அக்காவோடு பள்ளிக்கூடத்தில் வேலைசெய்த தோழியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பெண்ணுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் அழுதாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறேன் என்றாள். சாப்பாட்டுக்கு முன் எல்லாருக்கும் முன்னால் பேச விடுவீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். அங்கே கொடுக்கும் இந்த மலரை நீங்கள் கையில் வைத்திருக்கும்போது அவள் பேச எழுந்து நிற்பாள். அக்கா இருந்திருந்தால் அந்தத் தாயின் மானத்தை நினைத்து என்னை மறித்திருப்பார். அக்கா இப்போது இல்லை.

தங்கை