ஸ்டோர் அக்காவின் விருந்தாளிகள்

"அசையாம இரு. காதுக்குள்ள எவ்வளவு தூசி பாரு" என்று அதட்டியபடி, மெல்லிய தூரிகையால் அந்தப் பெண்ணின் காதைத் துடைக்கிறார் ஸ்டோர் அக்கா. அசைவதற்கு அவளுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்திறங்கிய பிளாஸ்டர் தலை அது. ஈரத்துணி பட்டால் கரைந்துவிடும் என்று வேறு யாரையும் அக்கா தொடவிடுவதில்லை.

ஓவியக் கல்லூரியின் ஸ்டோர் ரூம் அக்காவின் பொறுப்புக்கு வந்து முப்பத்தோரு வருடம். கல்லூரியின் வரலாற்றைக் கேட்டால், யார் எதைத் தூக்கிப் போடச் சொன்னார்கள் என்றுதான் சொல்வார். வரைபடம் போடுகிறவர்களைப் பழக்கத் தகரக் கொட்டகையில் தொடங்கிய பள்ளியாம். பிளாஸ்டர் சிலையை அச்சு அசலாக வரைந்தவன் கெட்டிக்காரன். அக்கா சேர்ந்த வருடம் வந்த பிரின்சிபால், அந்நிய மூக்கெல்லாம் நமக்கெதற்கு என்று சிலைகளை வெளியேற்றினார். பானையும் தறியும் வந்தன. அடுத்தவருக்கு உருவமே ஆகாது, வண்ணம் போதும்; பானையும் தறியும் போயின. அதற்கடுத்தவர் கம்ப்யூட்டரோடு வந்தார்; வண்ண டப்பாக்கள் போயின.

எல்லாம் முன்வாசல் வழியாகத்தான் போயின. வண்டியைத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றவைத்துப் பின்வாசலில் இறக்கிக்கொள்வது அக்காவின் வழக்கம். உடைத்துப் போட்டாயிற்று என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அவர்தான். இடம் போதாவிட்டால் சில வீட்டுக்கும் வரும். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் என்னிடம் அவர் கணவர் ஒருநாள் புலம்பினார்: "கட்டிலுக்கு அடியில ரெண்டு கால் நீட்டிட்டு இருக்குங்க. யாருடின்னா, விருந்தாளியாம்."

பக்கத்து நாட்டுக் கலைப்பள்ளி வாத்தியார் ஒருவர் இந்த ஸ்டோரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாராம். ஆசியாவில் அவர் பார்த்த நாலைந்து பள்ளிகளிலும் பிரின்சிபால்கள் ஏறக்குறைய இதே வரிசையில்தான் வந்தார்களாம். "அங்கெல்லாம் என்னை மாதிரி ஒருத்தி இருந்தாளான்னு கேட்டேன். இல்லையாம். பாவம்" என்றார் அக்கா.

போன வாரம் புது பிரின்சிபால் வந்தார். பெண்மணி, இதே கல்லூரியில் படித்தவர். முதல் உத்தரவே, ஸ்டோரைத் திறந்து வையுங்கள், நானே வந்து பார்க்கிறேன் என்பது. இதுவரை எந்த பிரின்சிபாலும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. அக்கா துணைக்கு என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் படுக்கை விரிப்பால் மூடியபடியே சொன்னார்: "என்னை வேலைய விட்டு அனுப்பினா வீடு இருக்கு, போயிடுவேன். இதுங்க எங்க போகும்?"

மேடம் கையில் மூன்று தாள்கள். ஒரு விரிப்பை இழுத்தார்: பானைகள். அடுத்தது: தறி. மூன்றாவதை இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கில்லாத ஒரு பிளாஸ்டர் பெண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் உடைச்சாச்சுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே அக்கா?" குரல் இறங்கிவிட்டிருந்தது.

"உடைஞ்சது இது ஒண்ணுதான் மேடம். அதுவும் நான் உடைக்கல."

சிலைகளை வெளியேற்றிய அன்று, அந்நிய மூக்குக்கு எதிராக மாணவர்கள் கோஷம் போட்டபோது, சுத்தியலோடு முன்னால் ஓடிவந்தது ஒரு ரெட்டைச் சடைப் பெண் என்று அக்கா பின்னால்தான் எனக்குச் சொன்னார். அப்போது நான் கண்டது, மேடத்தின் முகம் சிவந்ததையும், தாள்கள் மூன்றும் அவர் கையில் நாலாக மடிந்ததையும்தான்.

அக்கா அலமாரியைத் திறந்தார். மாத்திரை டப்பா ஒன்றிலிருந்து பஞ்சில் பொதிந்த ஒரு பிளாஸ்டர் மூக்கை எடுத்து மேடத்தின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு பசை பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, மேடம் உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.