நேர்ந்துகொண்ட பிறகு முளைத்த முடி

ஷார்ஜாவில் நம் ஆட்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் முடி கொட்டுவதில் வந்து நிற்கும். குற்றவாளி எப்போதும் தண்ணீர்தான். கடல் தண்ணீரைக் காய்ச்சி அனுப்புகிறார்கள், அதில் குளித்தால் தலையில் என்ன மிஞ்சும் என்பார்கள். என் கணவரும் அந்தக் கட்சி. தொழில்பேட்டையில் ஒரு கராஜில் சூப்பர்வைசர். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைத்தான் தலைக்கு ஊற்றுவார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் மாமனாரும் அவருடைய தம்பிகளும் வரிசையாகத் தலை பளபளக்க நிற்பார்கள். அவர்களில் ஒருவர்கூடத் திண்டுக்கல்லைத் தாண்டிக் குளித்தவர் இல்லை. அதைச் சொன்னால் இவருக்குச் சுர்ரென்று கோபம் வரும்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறேனே தவிர, என் வகிடும் அகலமாகிக்கொண்டுதான் வந்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் அப்படித்தான். நானும் தண்ணீரைத் திட்டிவிட்டு, வகிட்டை இடம் மாற்றி எடுத்துச் சமாளித்தேன்.

ஒருவழியாக இரண்டு பேரும் தோல் டாக்டரிடம் போனோம். மலையாளி அம்மா, நன்றாகத் தமிழ் பேசுவார்.

"தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், வழுக்கையாக்காது. இது உங்க ரெண்டு வீட்டுச் சீதனம்" என்றார்.

ஆணும் பெண்ணும் தடவ மினாக்சிடில் லோஷன் இருக்கிறது. ஆண்களுக்கு மாத்திரையும் உண்டு. பின்னந்தலையில் போதுமான முடி இருந்தால் எடுத்து முன்னால் நடலாம். எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். லோஷன் ஆரம்பித்ததும் கொஞ்சம் கூடுதலாகக்கூடக் கொட்டும், பயப்படக் கூடாது. நிறுத்தினால் பழைய கதைதான். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "குழந்தைக்குப் பாத்துட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "விசேஷம் உண்டா?" என்று கேட்பார்களே என்று பயந்தே ஊர் ஃபோனை எடுக்க மாட்டேன்.

"அப்போ உங்களுக்கு இப்ப லோஷன் வேண்டாம். சாருக்கும் மாத்திரையை அப்புறம் பாக்கலாம், லோஷன் மட்டும் போடட்டும்."

"என் முடி கிடக்கட்டும் டாக்டர்" என்றேன். காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். முடிக்காக இல்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு முருகனிடம் வேண்டிக்கொண்டேன். குழந்தை பிறந்தால் பழனியில் இவர் மொட்டை போடுவார். எங்கள் பக்கம் பெண்டாட்டி வேண்டிக்கொள்வதும் புருஷன் தலையைக் கொடுப்பதும் சாதாரணம். டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"குடுத்தாப் போச்சு. அங்க என்ன இருக்கு, நான் யோசிக்கறதுக்கு" என்று தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். முருகனோடு மலிவாக முடித்துவிட்டோம் என்று இருவருக்குமே ஒரு திருப்தி.

அதற்குப் பிறகுதான் அது முளைக்க ஆரம்பித்தது. முதலில் பூனை ரோமம் மாதிரி, பிறகு கருகருவென்று. வருஷம் திரும்புவதற்குள் மனுஷர் பையில் சீப்பு வைத்துக்கொண்டார். கராஜில் பட்டாணிய மெக்கானிக்குகள் "பாய், க்யா லகாயா?", அப்படி என்னத்தைத் தடவினாய் என்று இந்தியில் கேட்டதை வீட்டுக்கு வந்து தினமும் நடித்துக் காட்டுவார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

அப்போதுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது. குளியலறையிலிருந்து டெஸ்ட்டைக் கொண்டுவந்து காட்டினேன். என்னைத் தூக்கிச் சுற்றினார், அழுதார், சிரித்தார். கீழே இறக்கிவிட்டதும் அவர் கை தானாகத் தலைக்குப் போனது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு மாதக்கணக்கில் பேரம்.

"ஏம்மா, ஒரு கத்தை வெட்டிப் பூமுடி குடுத்தா ஆகாதா?"

"மொட்டைன்னுதாங்க வேண்டிக்கிட்டேன். வேணும்னா நீங்களே முருகன்கிட்ட பேசிக்குங்க."

டாக்டரிடம் கேட்டார். மழித்தால் வேர் போகாது, லோஷனை விடாமல் போட்டால் திரும்ப வளரும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் நம்பவில்லை.

மகள் பிறந்தாள். என் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. பிரசவத்துக்குப் பின் அப்படித்தான், பால் நிறுத்தியதும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சீப்பைப் பார்த்துக் கவலைப்பட எனக்கு நேரமே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

லீவில் பழனி போனோம். கடைசி நிமிஷத்தில் நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பேசாமல் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து என் அண்ணன் மடியில் மகளுக்கும் மொட்டை. இரண்டு தலைக்கும் நானே சந்தனம் தடவினேன். தொப்பி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டவர், போட்டோவில்கூட அதைக் கழற்றவில்லை.

திரும்பி வந்தபோது ஏர்போர்ட் கவுண்டரில் இருந்த அரபு இளைஞர் தொப்பியைக் கழற்றச் சொன்னார். முடி வளர்ந்த பிறகு புதுப்பித்த ஐடி கார்டில் அடர்த்தியான முடியோடு இவர் படம். படத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார்.

"மாஃபி ஹேர்?" முடி இல்லையே என்று கேட்டார்.

இவர் மகளைத் தூக்கிக் காட்டினார். "பேபி. காட். ப்ராமிஸ். கலாஸ்." எல்லாம் முடிந்தது என்று கையை விரித்தார்.

அந்த இளைஞர் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் மொட்டைத் தலையை எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டே "மப்ரூக், மப்ரூக்!" என்று வாழ்த்தினார்கள்.

பெட்டி எடுக்கப் போகும்போது பார்த்தேன், தொப்பி என் கைப்பையில் கிடந்தது. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தவர் திரும்பிச் சொன்னார்.

"இத்தன நாள் அவ்வளவு முடியோட திரிஞ்சேன். ஒருத்தனாவது மப்ரூக் சொன்னானா பாரு."