கலங்கலுக்குக் கீழே ஒரு வீடு

நண்டு வளைக்குள் கையைத் தோள்வரை விட்டுத் துழாவிக்கொண்டே பேசுவார் கோதண்டம். "எலியகூட நம்பலாம் சார். நண்டு கீதே, அது கரைய உள்ளாறவே தின்னுடும்." பிடிபட்ட நண்டை லுங்கி மடிப்பில் போட்டுக்கொண்டு, பிசைந்த களிமண்ணை வளையில் திணித்துக் குதிகாலால் மிதிப்பார்.

எண்ணூருக்கு மேற்கே, சாம்பல் லாரிகள் போகிற சாலையை ஒட்டிய சின்ன ஏரி அது. கரை வெறும் மண். இருபத்தாறு வருடமாக அதற்குக் காவல் இவர்தான், பொதுப்பணித்துறையில் லஸ்கர். மழைக்காலத்தில் சோற்றுத் தட்டோடு கரைமேல்தான் உட்காருவார். பேச்சுக்கு நடுவே எழுந்துபோய் நீர்மட்டம் காட்டும் அளவுக்கல்லைப் பார்த்துவிட்டு வந்து, விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த எனக்கு எரிச்சலாக வரும்.

இவ்வளவு தெரிந்த மனிதர் செய்த காரியத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஏரி நாலு வருடம் வறண்டு கிடந்தபோது, கலங்கலில் வழியும் மிச்சத் தண்ணீர் ஓடுகிற கால்வாயிலேயே மனை போட்டார்கள். மகள் மலர்க்கொடி வந்து யோசனை கேட்டாள். "கட்டு கண்ணு. இந்த ஏரி இனிமே எங்க நெரம்பப் போவுது" என்றது இவர்தான். அஸ்திவாரத்துக்கு மண் சுமந்ததும் இவர்தான்.

2005 ஐப்பசியில் ஏரி நிரம்பிவிட்டது. கரையின் அடியில் ஒரு கசிவு. காலையில் தெளிவாக வந்த தண்ணீர் மதியத்துக்குள் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது. கலங்கல் ஷட்டரைத் திறக்காவிட்டால் கரை உடையும். கரையடியில் இருநூறு வீடுகள். திறந்தால் மகள் வீட்டுக்குள் வெள்ளம்.

"நைனா, சாய்ந்தரம் வரைக்கும் பொறு. மய வுட்டுடும்" என்று மலர்க்கொடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடாதும்மா. நாந்தான சொன்னேன் கட்டுன்னு. என் வாயில மண்ணு வுய." அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

குழந்தைகளோடு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பிறகு திருப்புளியை எடுத்து அந்த வீட்டு வாசற்கதவைக் கழற்ற ஆரம்பித்தார். எதற்கு என்று கேட்டேன்.

"கதவு இருந்தா தண்ணி முட்டும் சார், செவுரு வுயுந்துடும். பூந்து அப்பால போவட்டும்."

புதுமனை புகுந்த அன்று பூசிய மஞ்சள் கதவில் இன்னும் இருந்தது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மழையில் கரையேறினார். மேலே, ஈரம் படாத இடமாகப் பார்த்துச் சுற்றிலும் தேடினார். இல்லை. கதவைச் சேற்றில் சாய்த்துவிட்டு, ஷட்டர் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார்.