பாறை விளிம்பில் கிடைத்த தம்பி

போன வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, நானும் என் கணவரும் அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு பைக்கில் போயிருந்தோம். இவருக்குச் செங்குத்தான பாறையைக் கண்டால் போதும், கை கால் சும்மா இருக்காது.

எட்டிப் பார்த்தாலே தலை கிறுகிறுக்கும் ஒரு பாறை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கால் வைக்கிற அளவுக்கு ஒரு விளிம்பு. அங்கே நின்று போட்டோ எடுத்தே தீருவேன் என்று இறங்கினார். "வேணாங்க"ன்னு கத்தினேன். யார் கேட்டது? அவர் மிதித்து இறங்கிய கல் பெயர்ந்து விழுந்தது. மேலே ஏறப் பிடிப்பில்லை, கீழே போக வழியில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் போட்ட கூச்சலில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பாறைத்தேன் எடுக்க வந்த மலைக்காரர்கள்; மாமனும் மச்சானும். தலைமுறை தலைமுறையாக அந்தப் பாறையில் கயிறு கட்டி இறங்குகிற குடும்பம். இளையவர் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை இவரிடம் வீசி இடுப்பில் கட்டச் சொன்னார். ஆனால் இழுக்காமல் என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்க கூடப் பொறந்தவங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. உயிர் போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது! "எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. சீக்கிரம் இழுங்க!" என்றேன்.

பெரியவர்தான் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கம்மா. எங்க வழக்கத்துல பொஞ்சாதி கூடப் பொறந்தவன்தான் கயிறு புடிக்கணும். எனக்கு இவன் புடிக்கிறான். அக்கா தாலிக்கு ஆபத்துன்னா எவனாச்சும் கைய விடுவானா?"

"அப்ப நான்தாங்க்கா உங்க தம்பி" என்றார் இளையவர். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். பெரியவர் குப்புறப் படுத்துக்கொண்டு, கால் வைக்க இடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பியின் உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தது, பிடி தளரவில்லை. இவர் மேலே வந்ததும் முதுகில் நாலு போட்டேன். அப்புறம்தான் அழுதேன்.

இந்தத் தை மாதம் மகளுக்குக் காதுகுத்து. உட்கார வைக்கத் தாய்மாமன் மடி வேண்டுமே! என் சித்தப்பா மகனைக் கூப்பிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. "எதுக்குங்க? அவ மாமன் சித்தேரியில இருக்காரே" என்றார் இவர். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய் அழைத்தோம்.

மனைவியோடு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார் தம்பி. சீர்த்தட்டில் தேன், தினை, மகளுக்குக் கொஞ்சம் பெரிய சைஸ் பாவாடை சட்டை. மடியில் உட்கார்ந்தவள் ஊசியைக் கண்டதும் வீறிட்டாள். தழும்பேறிய அந்தக் கையால் அவளை அணைத்துக்கொண்டு, "அழாத சாமி, மாமன் புடிச்சிருக்கேன் இல்ல" என்றார்.

இப்போதெல்லாம் அரூர் பஸ் ஸ்டாண்டில் சித்தேரி பஸ்ஸைப் பார்த்தால், என் பிறந்த வீட்டுக்குப் போகிற பஸ் என்றுதான் மனதில் படுகிறது.